ஒயர்லெஸ்காரன்

என்னிடம் மைக் கொடுக்காதீர்கள் என்று
முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.
பாடாங் செராய் சமூக மண்டபம்,
மெர்டேக்காவுக்கு முந்திய ராத்திரி.
ஒயர்லெஸ் சுமந்த தோளில்
வழுக்கும் பொன்னாடை ஒன்று.
ஒரு பக்கம் ஒய்.பி.,
இன்னொரு பக்கம் டிவி போட்டியில்
மூன்றாவதாக வந்த சிரிப்பு நடிகர் கோகுலேந்திரன்.

"ஐயா, எத்தனை பேரைச் சுட்டீங்க?"
கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது.
யாரையும் இல்லை என்றேன்.
கைகள் தொடைக்குத் திரும்பின.

உண்மை அதுதான்.
கிரிக் காட்டில் நான் சுட்டதெல்லாம் மரவள்ளி.
ஒருமுறை உடும்பு.
வலது காலில் இரண்டு விரல் போனதுகூடக்
கண்ணிவெடியில் இல்லை,
எங்கள் லாரியே ரிவர்ஸ் எடுத்தபோது.

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் உண்டு.
ஒரு கையில் மெஷின் கன், மறு கையில் காதலி,
தோட்டா தீர்வதே இல்லை.
ஒரு தோட்டா கணக்கில் குறைந்ததென்று
சார்ஜன்ட் ஹம்டான்
எங்களை விடியும்வரை புல்லைத் தடவவிட்டார்.
அதை எடுங்கள் படமாக.
பத்து ஆண்கள், டார்ச்லைட் கிடையாது,
இடைவேளை வரைக்கும் புல்.
டிக்கெட் வாங்க நான் இருக்கிறேன்.
மற்றபடி மத்தியான சீரியல் பார்ப்பேன்.
எங்கள் மேஜரைவிட
அந்த மாமியார்கள் நன்றாகத் திட்டமிடுகிறார்கள்.

ஆகஸ்ட் வந்தால் சாகுல் கடைத் தூணில்
கொடியைத் தலைகீழாகக் கட்டிவிடுவார்கள்.
நிலா கீழே கிடக்கும்.
நாற்காலி போட்டு ஏறி நேராக்குவேன்,
யாரிடமும் சொல்வதில்லை.
போன வருஷம் ஒரு பையன்
நான் அவிழ்க்கும்போது மட்டும் படம்பிடித்து
ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.
மூன்று நாள் நான் தேசத்துரோகி.
நான்காம் நாள் யாரோ நடிகைக்குக் கல்யாணம்,
தப்பித்தேன்.

என் ஓட்டு யாருக்கென்று குணவதிக்கே தெரியாது.
பத்து வருஷ சர்வீஸ்.
பென்ஷனுக்கு இருபத்தொன்று வேண்டுமாம்.
மிச்சம் பதினொன்றை
எல்லாக் கட்சியும் பரிசீலிக்கிறது.
ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள்,
செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள்,
பரிசீலனை மட்டும் இன்னும் காய்க்கவில்லை.
அரிசி மூட்டை தந்தால் வாங்கிக்கொள்வேன்.
சோற்றுக்குக் கட்சி கிடையாது.

இவ்வளவும் மைக்கில் சொல்லவில்லை.
சொன்னது வேறு.

எழுபத்தெட்டு. மழை.
பையில் ஒளித்த சின்ன டிரான்சிஸ்டரில்
ராத்திரி பத்துக்கு நேயர் விருப்பம்,
ஈ பறக்கும் அளவுக்குச் சத்தம்.
விரும்பிக் கேட்டவர்கள்
இன்ன தோட்டம், இரண்டாம் லயம்,
சரசா, மேகலை, மற்றும் மாட்டுக்கொட்டகை நண்பர்கள்.
தடம் பார்க்க வந்த இபான்காரன் உஞ்சிங்
ஒரு சொல் புரியாமல் தலையாட்டுவான்.

மறுமாதம் காட்டிலிருந்து ஒருவன் சரணடைந்தான்.
நம்மாள். கூலிம் பக்கம் பால் வெட்டியவன்,
அங்கமுத்து என்று பெயர்.
தோளெலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
தண்ணீர் கேட்கவில்லை அவன்,
தூக்கா ஜெயிலா என்றும் கேட்கவில்லை.
"போன வெள்ளிக்கிழமை
கடைசிப் பாட்டு பாதியில நின்னுபோச்சே,
உங்க பக்கமும் அப்படித்தானா,
இல்ல எங்க பேட்டரியா?"

ஸ்டேஷனில் கோளாறு என்றேன்.
பொய். எங்களுக்கு முழுசாகக் கேட்டது.
என்ன சொல்கிறான் என்றார் அதிகாரி.
பசிக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

மண்டபத்தில் யாரும் தட்டவில்லை.
சிரிக்கலாமா என்று கோகுலேந்திரன்
ஒய்.பி.யைப் பார்த்தார்.
ஒய்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து
"என்ன பாட்டுங்க அது?" என்றாள்.

நாற்பது வருஷத்தில் என்னிடம் கேட்ட
ஒரே உருப்படியான கேள்வி.
பதில் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது
பழ லாரிக்குப் பின்னால்,
மோட்டார் சைக்கிள் புகையில்,
மெட்டு வந்தது,
பாதிவரைக்கும்.