அடித்துத் திருத்தியது

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி மீதி.
நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு.
வடக்கு டகோட்டாவில் ஜனவரி.
கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம்
குளிர் டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.

மேசையிலிருந்து ஹாரன்.
நடந்தே போனேன்.
நடுவர் ஓடினால்
என்னவோ தப்பு என்று கூட்டம் முடிவு கட்டிவிடும்.

விருந்தினர் அணிக்குக் கணக்கு எழுதும் பையன்,
பல்லில் கம்பி போட்டவன், பெயர் தோர்வால்ட்,
பென்சில் முனையால் காட்டினான்:
களத்தில் இப்போது இறங்கியவள் நாற்பத்திரண்டு.
புத்தகத்தில் இருப்பவள் இருபத்து நான்கு.
பெயர் ஒன்றேதான், ரோன்யா ஸ்வெண்ட்சன்.
இந்த சீசனில் முதல் முறையாக
பெஞ்சை விட்டு எழுந்தவள்.

விதி எனக்குத் தூக்கத்திலும் வரும்.
பயிற்சியாளர் தவறாகக் கொடுத்திருந்தால் டெக்னிகல்:
இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கு.
மேசையில் எழுதியவர் மாற்றி எழுதியிருந்தால்
ஒன்றுமில்லை. அடி, மேலே எழுது, ஆடு.
பிழை அதே பிழைதான்.
யார் கை என்பதில்தான் இருக்கிறது விலை.

ஆர்டிஸ் க்வாமி.
பத்தொன்பது வருடமாக இதே மேசை, இதே நாற்காலி.
பகலில் தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதுகிறார்;
லாரி லாரியாகக் கோதுமை,
அவர் போட்ட கூட்டலை
யாரும் மறுபடி கூட்டிப் பார்த்ததில்லை.

"நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்" என்றார்,
நான் கேட்பதற்கு முன்பே.

"பயிற்சியாளர் கொடுத்த தாள் எங்கே?"

"பாப்கார்ன் கொட்டியதே, அதைத் துடைத்ததில் போயிருக்கும்."

புத்தகத்துக்கு அடியில்
மஞ்சள் தாளின் ஒரு மூலை.
நக அளவுதான்.
அவருடைய முழங்கை அவசரமில்லாமல் நகர்ந்து
அதன்மேல் அமர்ந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் என் சக நடுவர் க்ளீவ்
பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.
ரோன்யா சட்டையின் நுனியை இழுத்து
தன் எண்ணைத் தலைகீழாகப் படித்துப் பார்க்கிறாள்,
தானே ஏதோ செய்துவிட்டதைப் போல.
பதினேழு வயதிருக்கும்.
மேலே இருநூறு பேர். அவளைத்தான் பார்க்கிறார்கள்.

புத்தகத்தைத் தூக்கியிருக்கலாம்.
ஒரு விரல் போதும்.

"மேசைப் பிழை" என்றேன். "திருத்துங்கள்."

ஆர்டிஸ் இருபத்து நான்கின்மேல் ஒரே ஒரு கோடு போட்டு
மேலே நாற்பத்திரண்டு எழுதினார்.
அச்சடித்த மாதிரி.

மீதி ஆட்டத்தில் ரோன்யா பந்தைத் தொடவே இல்லை.
உள்ளூர் ஐம்பத்தொன்று, விருந்தினர் ஐம்பது.
தோற்ற பயிற்சியாளர் வந்து கை குலுக்கினார்.
"நல்லா நடத்தினீங்க."
அவர் கை ஈரமாக இருந்தது. என் கையும்.

கையெழுத்துப் போடும் முன்
பழைய பக்கங்களைப் புரட்டினேன், சும்மாதான்.
நவம்பர், டிசம்பர், ஒன்பது ஆட்டங்கள்.
ஒரு அடித்தல் இல்லை.
போட்டேன்.

வீட்டுக்குத் தொண்ணூறு மைல்.
வைப்பர் தள்ளத் தள்ளப் பனி.
யாரும் எறியாத அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவை
நான் எறிந்துகொண்டே வந்தேன்.
ஒரு தடவை இரண்டும் விழுந்தது.
ஒரு தடவை இரண்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தது.
அப்படித் தெறித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது,
அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு
பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு சட்டை என்று
எண்ணிப் பார்த்தவன் நான்தானே.
ஆள்களை எண்ணினேன்.
எண்களைப் படிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அந்தப் பையனின் ஊரில் ஆட்டம்.
மேசையில் அவன்தான் இருப்பான்.
அவனை நினைத்தபோதுதான்
பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்டிஸின் பக்கத்து நாற்காலி அவனுடையது.
எனக்கு நக அளவு தெரிந்த அந்த மஞ்சள்
அவன் பக்கத்திலிருந்து
இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

அவன் ஆர்டிஸைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.