கண்ணை விற்காமல்

ஆயிரத்து நானூறு லரி.
அதில் நானூறு என்னுடையது,
ரொட்டி அடுப்பின் முன் இரவெல்லாம் நின்ற காசு.
அதனால் எனக்கும் ஒரு வாய் உண்டென்று
அக்காவின் பட்டியலில் முதல் வரியாக
கிராஃபிக்ஸ் கார்டு என்று எழுதினேன்,
கொட்டை எழுத்தில்.

தெக்லே அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.
கல்லூரிக் கணினி அறையை ஏழு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்.
அவளுக்கு யோசனை வருவதோ
எட்டுக்கு மேல்தான்.

திபிலிசி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சுரங்கப்பாதைக் கடைகளில் ஒன்று.
மால்காஸ் மேசைக்கடியிலிருந்து ஒரு கார்டை எடுத்தான்.
மூன்று விசிறி. கையில் வாங்கினால்
உரித்த வாத்தின் கனம்.
"ஒரே வருஷம்தான் ஓடியது" என்றான்.
"எங்கே ஓடியது?" என்றாள் இவள்.
யாரோ ஒருவன் மாட்டுக்கொட்டகையில்
இரவும் பகலும் இணைய நாணயம் தோண்டிய கார்டு.
முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்:
வறுபட்ட தூசி.
அறுநூறு லரி.

வாங்கிவிடலாம் என்றேன்.
திரைக்குத்தான் வீட்டில் பழையது இருக்கிறதே,
மனிதத் தோலையெல்லாம்
வேகவைத்த பீட்ரூட்டாகக் காட்டினாலும்
ஒரு வருஷம் தள்ளாதா?

"கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கச் சொல்கிறாய்"
என்று சொல்லிவிட்டு
பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

பச்சைப் பிளம் சாஸ்.
குரியாவில் ஒரு சின்னக் கம்பெனி,
லேபிள் வரையச் சொல்லியிருக்கிறது,
அவளுடைய முதல் கூலி வேலை.
பென்டிரைவைக் கொடுத்து, கடையிலிருந்த
திரைகளிலெல்லாம் அந்த லேபிளைத் திறக்கச் சொன்னாள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாட்டிலைப் பிடித்தாள்.

முதல் திரையில் ஆஸ்பத்திரிச் சுவர்.
அடுத்ததில் குளத்துப் பாசி.
வளைந்த பெரிய திரை, விலையைப் பார்த்ததும் மால்காஸின் குரலே
மரியாதையாகிவிட்ட திரை,
அதில் பித்தம்.
ஐந்தாவதற்கு வரும்போது மால்காஸுக்கும் வெறி பிடித்துவிட்டது,
குழல்விளக்கை அணைத்துவிட்டு
"இப்போது பார், இப்போது பார்" என்றான்.

மூலையில் ஒன்று கிடந்தது.
ஏதோ அலுவலகம் மூடியபோது வந்தது,
ஓரத்தில் கீறல், முதுகில்
'கணக்குப் பிரிவு, நான்கு' என்று ஒரு காகிதம்.
அதில் லேபிள் திறந்தது.

எனக்கு நிறங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.
வாயில் எச்சில் ஊறியது,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.
பல் கூசியது.

இருநூற்று அறுபது.
என் நானூறை நானே எடுத்து மேசையில் வைத்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.
படம் காட்டும் திறனும் உள்ளேயே அடங்கிய பிராசஸர் முந்நூற்று நாற்பது,
மதர்போர்டு இருநூற்று நாற்பது,
மெமரி, பேரம் பேசி, நூற்றுத் தொண்ணூறு,
சேமிக்க நூற்றெண்பது.
பவர் சப்ளைக்கு எழுபதிலும் ஒன்று இருந்தது, பெயரில்லாதது.
மால்காஸே அதைப் பிடுங்கி உள்ளே வைத்தான்:
யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவார்களா?
நூற்றெழுபது.

மிச்சம் இருபது லரி. பெட்டிக்கு இல்லை.
எதிர்க்கடையில் மாண்டரின் வந்த மரப்பெட்டியை
சும்மா தந்தார்கள்.

மெட்ரோவின் நீண்ட படிக்கட்டில்
திரையைப் போர்வையில் சுற்றி
நோயாளியைப் போல இருவருமாகத் தாங்கி இறங்கினோம்.

ஒன்பதரைக்கு அழுத்தினோம். விசிறி சுழன்றது,
திரை கருப்பு.
மறுபடி. கருப்பு.
தெக்லே நகத்தைக் கடித்தாள், நான் அறுநூறு லரி வாத்தை
மனதுக்குள் நினைத்தேன், வெட்கத்தோடு.
பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
செருகாமல் விட்ட ஒரு ஒயர்
மாண்டரின் இலைக்கடியில் அகப்பட்டது.

"என் கேம் இதில் ஓடுமா?"
"ஓடும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"நொண்டிக்கொண்டு."

காலை ஆறுக்குச் சூடான ரொட்டியோடு திரும்பியபோது
விளக்கு எரிந்தபடியே இருந்தது,
அவள் மேசையில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
திரையில் ஒன்பது பச்சைகள் வரிசையாக.
எது சரியென்று தெரியவில்லை.
பாட்டிலைத் திறந்து
ரொட்டியைத் தோய்த்தேன்.

"டேய், அது மாதிரி!" என்று
கண்ணைத் திறக்காமலே கத்தினாள்.