ஒரு முஷ்டியும் ஒரு விரலும்

விலையைக் கேட்டவர்களிடம்
முதலில் கையை நீட்டுங்கள் என்றேன்.
கடைக்கு வெளியே,
சென்யா தீவின் செப்டம்பர்க் காற்றில்,
தெற்கே பார்த்து ஒரு முஷ்டி.
அதன்மேல் படுக்கவைத்த ஒரு விரல்.
அவ்வளவுதான் எங்களுக்கு வானம்.
பன்னிரண்டு டிகிரி.
அந்த விரலுக்கு மேலே மலை தலைநீட்டினால்
பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தனூத்தாவின் விரலுக்கு மலை அடங்கியது.
டெட்லெஃபின் விரலுக்கும்.
(அவன் டீசல் மெக்கானிக், விரல் தடிமன்.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

மீன் ஆலை கொடுத்த ஒற்றை வீடு.
இரண்டு அறை, ஒரு சமையல்மேடை, தெற்கே ஒரே சுவர்.
அந்தச் சுவரில் ஒரு டிஷ்ஷுக்குத்தான் அனுமதி.
அவளுக்கு வேண்டியது பதின்மூன்று கிழக்கு:
போலிஷ் செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை.
அவனுக்குப் பத்தொன்பது புள்ளி இரண்டு:
ஜெர்மன் போலீஸ்காரர்கள் மெதுவாகக் கொலையாளியை நெருங்குவது.
மாதச் சந்தா இல்லை, அட்டை இல்லை.
வானம் சும்மா கொடுக்கிறது,
வாங்கிக்கொள்ளப் பாத்திரம்தான் வேண்டும்.

அவன் எண்பது சென்டிமீட்டர் டிஷ்ஷைத் தட்டிப் பார்த்தான்,
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி.
ஒட்டிப் பிறந்த இரட்டை எல்.என்.பி. ஒன்றையும் எடுத்தான்.
"ஓஸ்லோவில் நண்பன் வீட்டில் இதுதான்."
ஓஸ்லோவுக்கு இருக்கிற உயரம் நமக்கு இல்லை என்றேன்.
நூற்றிருபது எடு.
அந்த இரட்டையின் இடைவெளி எண்பதுக்கு அளந்தது,
பெரிய தட்டில் இரண்டு கண்ணும் மாறுகண் ஆகிவிடும்.
தனித்தனியாக இரண்டு, ஒரு தண்டவாளம், ஒரு சுவிட்ச்.
இரைச்சல் 0.1 என்று அச்சடித்த பெட்டியை அவள் காட்டினாள்.
பெட்டி எதையும் சொல்லும்,
பெட்டி மைனஸ் பதினெட்டில் நின்றதில்லை.
பழைய கம்பெனியின் 0.3 போதும்.

பிறகுதான் சண்டை.
குவியம் ஒன்றுதான். ஒருவர்தான் நடுவில்.
மற்றவர் பக்கத்தில் தள்ளி நின்று
சிந்துவதை ஏந்திக்கொள்ள வேண்டும்.
"பாதிக்கு மேல் காசு என்னுடையது," என்றான் அவன்.
இங்கே பலவீனமாக வருவது பதின்மூன்று.
பலவீனத்துக்குத்தான் நடு, என்றேன்.
சிக்னலுக்கு ரசீது படிக்கத் தெரியாது.

மாட்டி முடித்ததும் தனூத்தா சிரித்தாள்:
"இது தரையைப் பார்க்கிறதே!"
உண்மைதான். இந்த வடக்கில்
டிஷ் தலைகுனிந்துதான் வானத்தைப் பார்க்கும்.
அதனால் அதில் பனி தங்காது.
இன்னொன்றும் சொன்னேன், நம்பவில்லை:
கிழக்கே இருப்பதைப் பார்க்கிற கண்
மேற்குப் பக்கம் இருக்கும்.

நவம்பர் கடைசியில் சூரியன் போயிற்று.

ஜனவரியில் ஒரு புயலுக்கு மறுநாள்
டெட்லெஃப் கடைக்கு வந்தான்.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் கடனாக வேண்டும்.
காற்று தட்டைக் கிழக்கே திருப்பிவிட்டதாம்,
ஏறக்குறைய ஆறு டிகிரி.
அவனுடையது இப்போது நடுவில்.
தரம் தொண்ணூறு, பளிங்கு மாதிரிப் படம்.
அவளுடையது நீலத்திரை.
அவள் இரவு ஷிஃப்டில் இருக்கிறாள், இன்னும் தெரியாது.
எந்தப் பக்கம் திருப்ப, என்று கேட்டான்.
மேற்கே, என்றேன்.
கொஞ்சம் நின்றான்.
"தொண்ணூறு," என்றான் மறுபடியும்,
யாரோ விற்றுவிட்ட படகைப் பற்றிச் சொல்வதுபோல.
ஸ்பானர் மாலையில் திரும்பி வந்தது, துடைத்து.

மார்ச் பிறந்த வாரம், நடுப்பகல்.
சூரியன் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால்
சரியாக வந்து நின்று இரைந்தது.
அவன் போலீஸ்காரர்கள் சதுரம் சதுரமாக உதிர்ந்தார்கள்.
போன் செய்தான். தொடாதே, என்றேன், பத்து நிமிடம்.
இருபத்தைந்து நிமிடம் கழித்து
அவள் பாதிரியார் வாய்திறந்தபடி உறைந்தார்.
அவளும் போன் செய்தாள்.
பின்னால் அவன் குரல்:
"தொடாதே, பத்து நிமிடம்."

இருவரும் வெளியே போயிருக்க வேண்டும்.
ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பனியில் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்டது,
பிறகு சத்தமில்லை.
நான் வைக்கவில்லை.