ஏழு புள்ளி, எட்டு சிலிண்டர்

தேவகோட்டை ரஸ்தாவில் என் லேத் ஷெட்டுக்கு
லாரியில் வந்து இறங்கியது.
இடது பக்கம் ஸ்டியரிங், சைகோனில் வாங்கியதாம்.
பதினேழு அடி, கடுகு மஞ்சள்.
பானெட்டைத் தூக்கினால்
வவ்வால் எச்சத்துக்கு அடியில் வி எட்டு எஞ்சின்.

"ஏழு புள்ளிக்குப் பாத்தியம்" என்றார் வயிரவன்.
வீட்டில் ஏழு பங்கு, கண்மாய்க்கரைத் தோப்பில் ஏழு பங்கு,
இதிலும்.
ஆறு கையெழுத்து வாங்கிவிட்டார்.
ஏழாவது, கானாடுகாத்தான் உமையாள் ஆச்சி,
இருக்கிற ஹெட்டுக்கு என்ன கேடு என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி.
கம்ப்ரஷன் பார்த்தேன். நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு,
நூற்று முப்பது. ஆறாவதில் எழுபது.
கழற்றினோம். இரும்பு, ஒன்று முப்பது கிலோ.
இரண்டு வால்வுக்கும் நடுவே
நகத்துக்கு மட்டும் தட்டுப்படுகிற விரிசல்.
படம் எடுத்து அனுப்பினேன்.
ஆச்சியிடமிருந்து பதில்:
ம்.

அது சம்மதமா இல்லையா என்று
வயிரவன் மூன்று நாள் வக்கீல் வீட்டுக்கு நடந்தார்.

புது ஹெட் இரண்டும் அலுமினியம்.
துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்து வந்தன.
பதினாலு கிலோதான்,
பையன் அந்தோணி ஒற்றைக் கையில் தூக்கி
என்னிடம் திட்டு வாங்கினான்.
வால்வு பெரிசு, ஸ்பிரிங் கடினம்,
காற்று நுழையும் வாய் மட்டும்
இன்னும் கொஞ்சம் திறக்கணும்.
நான்கு நாள் கிரைண்டர் பிடித்தேன்.
மூக்குத்தி வரைக்கும் அலுமினியப் பொடி.

வயிரவன் விரலை விட்டுத் தடவினார்.
"என்ன மேரி, சொரசொரங்குது?
எங்க வீட்டுச் சுவரைப் பாத்திருக்கியா?
முட்டை வெள்ளைக்கருவில் பூசினது. முகம் தெரியும்.
அப்படி வேணும்."

சுவர் நிற்கிறது அண்ணே,
இது காற்று போற பாதை.
உள்ளே வரும் வழி கண்ணாடியாக இருந்தால்
பெட்ரோல் ஓரத்தில் ஒட்டி, துளியாகி,
எரியாமல் வழிந்து இறங்கும்.
கொஞ்சம் உரசினால்தான் கலக்கும்.
வெளியே போகிற வழியைத் தேய்த்திருக்கிறேன்,
அதில் பாருங்க முகத்தை.

குனிந்து பார்த்தார்.
"வர்றவங்களுக்கு உரசல், போறவங்களுக்கு வழவழப்பு.
எங்க வீட்டில நேர்மாறு" என்றார்.
முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒவ்வொரு அறை மேலும் கண்ணாடித் தகடு வைத்து,
ஊசியில் மண்ணெண்ணெய் விட்டு அளந்தேன்.
அறுபத்தெட்டு மில்லி. ஒன்று மட்டும் அறுபத்தாறு.
தேய்த்தேன், அளந்தேன், தேய்த்தேன்.
எட்டும் சமம்.
"இந்தத் தாலுகாவில் சண்டை இல்லாமல் நடந்த
முதல் பாகப்பிரிவினை" என்றான் அந்தோணி.

போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக.
ஒரே மூச்சில் இறுக்கினால் கோணும்.

விடியலில் ஸ்டார்ட் ஆனது.
முதலில் ஒரு இருமல்.
அப்புறம் எதிர் டீக்கடையில்
கவிழ்த்து வைத்த கிளாஸெல்லாம் நடக்க ஆரம்பித்தன.

பைபாஸில் வயிரவன் ஓட்டினார்.
வழக்கமாக ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தில் நான்,
ஸ்டியரிங் இல்லாமல், பிரேக் இல்லாமல்.
மூவாயிரத்தில் மூச்சு வாங்குகிற வண்டி
நாலாயிரத்தைத் தாண்டி இன்னும் காற்று கேட்டது.
குன்றக்குடி மலை வலப்பக்கம் வந்தது,
பார்ப்பதற்குள் பின்னால் போய்விட்டது.
என் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

கூலி அறுபத்தோராயிரத்து எண்ணூறு.
ஏழால் வகுத்தால் மீதி நாலு ரூபாய்.
அது யார் கணக்கில் என்று
வயிரவன் பேனாவைத் திறந்து மூடினார்.
ராத்திரி போனில் பணம் வந்து விழுந்தது.
ஆறு பேர் ஒரே தொகை.
ஆச்சியுடையதில் மட்டும் நாலு ரூபாய் கூட.
குறிப்பு என்ற இடத்தில்: ம்.

இரும்பு ஹெட் இரண்டும் இன்னும் இங்கேதான்.
இரண்டை ஏழால் வகுக்க எவரும் வரவில்லை.
ஆடிக் காற்றுக்கு ஷெட் கதவு அடிக்காமல்
ஒன்று முட்டுக் கொடுக்கிறது,
விரிசல் விட்டது.