இரண்டாவது சுற்று

ஆறு வருடம் அவள் பிடரியைப் பார்த்தே ஓடியவள் நான்.
முகம் அவ்வளவாகத் தெரியாது.
வலது காதுக்குக் கீழே கடுகளவு மச்சம்.
ரிப்பன் அவிழ்ந்தால் இடது பக்கம்தான் அவிழும்.
அறுநூறு மீட்டரில்
வலது தோள் ஒரு விரற்கடை இறங்கும்.
இறங்கினால் முடிந்தது,
இனி அவளைப் பிடிக்க முடியாது.

தவச்செல்வி.
கோத்தகிரிக்குக் கீழே டேன்டீ லயன் வீடு,
கண்டியிலிருந்து கப்பலேறித் திரும்பிய குடும்பம்.
நான் ஹட்டியில் பிறந்தவள்,
எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை சொந்தம்.
இந்த வித்தியாசமெல்லாம் வெள்ளைக்கோட்டில் நிற்கும்வரைதான்.
அப்புறம் எண்ணூறு மீட்டர்,
இரண்டு சுற்று,
நடுவில் ஒரு மணி.

மைதானம் ஏது?
கட்டபெட்டு சாலையில் பால்வண்டிக்குப் பின்னால் ஓடுவோம்.
ஒருநாள் மூடுபனிக்குள் காட்டெருமை நின்றது.
நான் கற்பூரமரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.
அவள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்,
அது வழிவிடும்வரை.
கால் ஆறிவிடக் கூடாதாம்.

மேட்டுப்பாளையம் இறங்கினால்
எங்களுக்குக் காற்று இலவசம்.
சமவெளிப் பெண்கள் மூச்சிரைக்கும் இடத்தில்
நாங்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்போம்.
ஈரோடு, சேலம், நெய்வேலி.
அவள் முதல், நான் இரண்டு.
நெய்வேலி மைக்கில் என் பெயரைத் தப்பாகப் படித்தார்கள்.
மேடையிலேயே நின்று திருத்தியவள் அவள்.

இரண்டு நிமிடம் ஆறு வினாடி ஓடிய வருடம்
அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஜூனியர் போட்டி.
ஏழாவதாக வந்தாள்.
என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.
"மழை. நம்ம கோடநாட்டு மழைதான்.
கொஞ்சம் சாஞ்சு பெய்யுது."
நான்காவதாக வந்த அந்த ஊர்ப் பெண்
பனியனை மாற்றிக்கொள்வோமா என்று சைகை காட்டினாளாம்.
பச்சைப் பனியன்,
தவச்செல்விக்கு முழங்கால்வரை தொங்கியது.

பிறகு திருச்சி.
மாநில இறுதி.
விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு வேலை என்பது
பாதையில் நின்ற எட்டுப் பேருக்கும் தெரியும்.
மணி அடித்தது.
ஐந்நூறு.
ஐந்நூற்றைம்பது.
தோள் இறங்கக் காத்திருந்தேன்.
என் இடது கால் ஆணி
அவள் குதிகாலில் பட்டது.

பட்டது என்று எழுதுகிறேன்.
இருபது வருடமாக இந்த வினைச்சொல்லிலேயே
நின்றுகொண்டிருக்கிறேன்.

அவள் விழுந்த சத்தம் கேட்கவில்லை.
முன்னால் ஆளில்லாத பாதை
எவ்வளவு அகலம் என்று மட்டும் தெரிந்தது.

குன்னூர் தபால் நிலையம், மூன்றாம் கவுன்டர்.
மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வருவாள்,
ஐந்நூறு ரூபாய் ஆர்டி கட்ட.
கோத்தகிரியிலும் தபால் நிலையம் இருக்கிறது.
ஏன் இங்கே என்று நான் கேட்டதில்லை.
ஃபேக்டரியில் சலிப்பு மெஷின், இரவு ஷிஃப்ட்,
ஸ்வெட்டர் முழுக்கத் தேயிலைத் தூசி.
மேல்பட்டன் போடாத நாட்களில்
உள்ளே பச்சை தெரியும்,
வெளுத்து, ஏறக்குறைய சாம்பலாக.
சில்லறை இருக்கா என்பதற்கு மேல்
பேச்சு வளர்ந்ததில்லை.
அவள் குதிகாலை நான் பார்த்ததும் இல்லை.
கவுன்டரின் உயரம் அப்படி.

போன ஐந்தாம் தேதி
மழையில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தது.
இரண்டு பேருமே காத்திருக்க வேண்டியதாயிற்று.
பாஸ்புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவியபடி
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்:
"திருச்சியில ஐந்நூறுலயே எனக்கு மூச்சு போயிடுச்சு.
நீ தொடாட்டியும் விழுந்திருப்பேன்."

கரண்ட் வந்தது.
முத்திரை குத்தினேன். தேதி தலைகீழாக விழுந்தது.
அடித்துவிட்டு மறுபடி குத்தினேன்.

நன்றி என்றாளா, வரேன் என்றாளா, நினைவில்லை.
திரும்பிப் படியிறங்கினாள்.
பிடரி தெரிந்தது.
அதே மச்சம்,
பக்கத்தில் இப்போது இரண்டு நரை.

ஐந்நூறில் மூச்சுப் போகிறவளா அவள்?

கடைசிப் படியில்
வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியது.
மழைக்குள் போய்விட்டாள்.