நாலாயிரத்துக்கு மேல்

கச்சான் காற்று தொடங்கி மூன்று கிழமை.
இந்த வருஷம் சில்வண்டு வரவில்லை என்று
சம்மாந்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
வயலுக்கு மருந்தடித்தே கொன்றுவிட்டார்கள் என்றும் சொன்னேன்.
டீக்கடைச் சீனிமுகம்மது
ஒருமாதிரிப் பார்த்தார்,
பேசாமல் கோப்பையைக் கழுவப் போனார்.

ஸ்பீக்கர் திருத்துவது என் தொழில்.
கிழிந்த கோனுக்குத் தாள் ஒட்டுவேன்,
எரிந்த கொயிலைச் சுற்றுவேன்.
நேற்று ஒரு பழைய ஹோர்னைக் கவிழ்த்துத் தட்டினேன்,
காய்ந்த சில்வண்டு ஒன்று மேசையில் விழுந்தது.

சும்மா விடுவேனா.
லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன்.
செட்டையடியில், இரண்டு பக்கமும்,
வரிவரியாய் மடிந்த மெல்லிய தகடு.
குறட்டு நுனியால் அமுக்க உட்குழிந்தது,
விட நிமிர்ந்தது.
பால்மா டின் மூடியை அமுக்கி விளையாடுவோமே,
அதே வேலை.
உயிரோடு இருந்தால் உள்ளே ஒரு தசை
இழுக்கும், விடும்,
செக்கனுக்குச் சில நூறு தடவை.
வயிறு?
வெறும் பெட்டி. சாமான் ஒன்றுமில்லை.
உள்ளிருக்கும் காற்றை நம்பித்தான் அத்தனை ஆரவாரம்.

கத்தும்போது தன் காதுச் சவ்வை மட்டும்
தளர்த்தி வைத்துக்கொள்ளுமாம்.
முப்பது வருஷம் ஹோர்ன் வாய்க்குள் தலையை விட்டு
ஹலோ ஹலோ என்று பார்த்த எனக்கு
அந்தப் புத்தி வரவில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த ஸுமைஹா
வாசலிலேயே காதைப் பொத்தினாள்.
"இந்த வாகை மரம் இப்பிடிக் கத்துது,
எப்பிடி வாப்பா இதுக்குள்ள இரிக்கிறீங்க?"

எது கத்துது என்று நான் கேட்கவில்லை.
பழகிப்போச்சு மகள் என்றேன்.

அம்பாறை ஆஸ்பத்திரியில் போன மாசம் தந்த தாள்
லாச்சிக்குள் கிடக்கிறது, ஈயக்கம்பிச் சுருளுக்கு அடியில்.
நேராய் நடந்துவந்த கோடு
நாலாயிரத்தில் கால் இடறி
கிணற்றுக்குள் விழுந்திருந்தது.
ட்வீட்டர் போன பெட்டி.
வேறு யாரும் கொண்டுவந்திருந்தால்
பின்னேரத்துக்குள் மாற்றிக் கொடுத்திருப்பேன்.

மறுகா, அவள் போனபின்,
வாகையடியில் போய் நின்றேன்.
பட்டை நிறத்தில் ஒன்று, கைக்கெட்டும் உயரத்தில்.
பொத்திப் பிடித்தேன்.

மெயினில் தொட்டதுபோல்
உள்ளங்கை உதறியது,
முழங்கைவரை ஏறியது.
இவ்வளவு பலமா உனக்கு.
சத்தம் மட்டும் இல்லை.

விரலைத் திறந்தேன்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு மூத்திரம் பெய்துவிட்டுப் பறந்தது.

சீனிமுகம்மதிடம் சொல்ல வேண்டும்,
வந்துவிட்டது என்று.