அலைக்கும் அலைக்கும் நடுவே

விசிலில் ஒரு நெடில் என்றால் எல்லோரும் வாய் மூடவும்.
நெடிலும் குறிலும் என்றால் வேலை தொடரலாம்.
மூன்று குறில் என்றால்
போட்டது போட்டபடி ஓடு.
அரக்கோணம் முகாமில் நாங்கள் படித்த இலக்கணம்
அவ்வளவுதான்.

மண்டபத்தில், புயல் கரை கடந்த மறுநாள் காலை,
மூன்று மாடி லாட்ஜ்
கல்யாண வீட்டுப் பாய்களைப் போல
ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தது.
தேவசகாயம் சார் உடைந்த தூணைக் கையால் உதிர்த்தார்.
உள்ளே சிப்பி.
இன்னும் கொஞ்சம் உதிர்த்தார், ஒரு குட்டிச் சங்கு.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டையும் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டினார்.

என் வேலை கேட்பது.
இடிபாட்டில் ஆறு இடங்களில் உணர்கருவி,
மடியில் பெட்டி, காதில் ஹெட்போன்.
நெடில் ஊதினார்கள்.
ஜெனரேட்டர் நின்றது. ஜேசிபி நின்றது.
கயிற்றுக்கு அப்பால் நின்ற ஊரும் நின்றது,
ஒரு கைக்குழந்தை தவிர. அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடலை என்ன செய்வது?

இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல் என்று
வேனில் வரும்போது டிரைவர் சொன்னான்.
எனக்கு இரண்டும் ஒரே இரைச்சல்.
செங்கம் பக்கத்துக்காரன் நான்,
ஏரி பேசிக்கூடக் கேட்டதில்லை.
ஹெட்போனில் ஆறு காதிலும் அலை, அலை, அலை.
அதற்குக் கீழே யாராவது முனகினால்
அதுவும் அலைதான்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.
விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தது.
பாசி எடுப்பவளாம், பெயர் களஞ்சியம்.
போலீஸ்காரர் கையைப் பிடித்தார், உதறிவிட்டாள்.
"பாறையில முங்குறப்ப எங்களுக்கு இதான் கணக்கு.
பெருசா ஏழெட்டு வரும், பெறகு கடலு மூச்சு வாங்கும்.
நான் கை தூக்குறேன், அப்பக் கேளுங்க."

கை தூக்கினாள்.

நாலு நொடி இருக்கும்.
தட், தட்.
இரும்பில் இரும்பு.
மூன்றாம் உணர்கருவி, படிக்கட்டுப் பக்கம்.
மோப்ப நாய் பூமாவை விட்டோம்.
அது குரைக்காமல் அங்கேயே உட்கார்ந்து
எங்களைப் பார்த்தது.

ஒன்பது மணி நேரம்.
முட்டுக் கொடுக்க மரம் போதவில்லை;
உடைந்த வல்லம் ஒன்றின் பலகைகளை
அதன் சொந்தக்காரரே அறுத்துக் கொடுத்தார்,
அளவு கேட்டுக் கேட்டு, ஒரு விரற்கடை பிசகாமல்.
வாளியில் சல்லி கைமாறிக் கைமாறி வெளியே போனது.
துளை வழியாக முதலில் வந்தது ஒரு கை,
அதில் சாவிக்கொத்து.
நம்புராஜன், இரவு வரவேற்பறை ஆள், இருபத்திரண்டு வயது.
தண்ணீர் கேட்கவில்லை.
"நூத்தி நாலுக்குப் போர்வ எடுத்துட்டுப் போன அக்கா
வந்துட்டாங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள்
களஞ்சியம் துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.
அவள் ஏன் கயிற்றைத் தூக்கினாள் என்று
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நூற்று நான்கை நோக்கிப் பத்தடி போயிருப்போம்.
வல்லத்துப் பலகை ஒன்று நெறிந்தது.
மூன்று குறில்.
ஓடினோம். அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது.
பின்னால் மேல்தளம் ஒரு முழம் இறங்கி
தூசியை எங்கள்மேல் துப்பிவிட்டு நின்றது.

மிஞ்சி நின்ற சுவரில் ஆரஞ்சுப் பெயிண்டில்
ஒரு சாய்கோடு போட்டிருந்தோம், நுழைந்த அடையாளமாக.
குறுக்கே இன்னொரு கோடு விழுந்தால்
தேடி முடித்தாயிற்று என்று அர்த்தம்.
பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு
தேவசகாயம் சார் என்னைப் பார்த்தார்.
இன்னொரு தடவை, என்றேன்.

நெடில்.
ஜெனரேட்டர் நின்றது. விளக்குகளும் போயின.
தலையெல்லாம் சிமெண்ட் பூத்து
களஞ்சியம் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.
ஐந்து, ஆறு, ஏழு.
கை தூக்கினாள்.
கேட்டேன்.

அடுத்த அலை வந்தது, அதற்கடுத்ததும்.
அவள் கையை இறக்கவில்லை.